அபராதம் யாருக்கு? நூலகக் கூட்டங்களும் எழுத்துப் பட்டறைகளும்

தென்னார்க்காட்டுப் பக்கம் ஓர் ஊர்ப்புற நூலகம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் படைப்பாக்கப் பட்டறை. நடத்தப் போன நான்கு பேரில் நானும் ஒருவன். முதல்நாள் காலையில் வாசகர் வட்டத்தின் சார்பில் வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை. இலக்கியம் மனிதனைப் பண்படுத்துகிறது என்று ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். எப்போது தட்ட வேண்டும் என்று வாத்தியார் கண்ணால் காட்டிக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு நான்கு தாள் கொடுத்து, "உங்க வாழ்க்கையில மறக்க முடியாத ஒரு விசயத்த எழுதுங்க" என்றோம்.

நிலா எழுதினார்கள். மழை எழுதினார்கள். அம்மாவின் பாசம் எழுதினார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண், காலனியிலிருந்து வந்தவள், எழுதியது வேறு. இப்போது அவளிடம் கேட்டு, அவள் சம்மதத்தோடு, பேரும் ஊரும் இல்லாமல் இங்கே தருகிறேன்:

"மாரியாத்தாவுக்குக் காப்பு கட்டிட்டாங்க. பத்து நாளைக்கு அந்தத் தெருவுல நடக்கக் கூடாதுன்னு ஆயா சொல்லிச்சி. லைப்ரரி அந்தத் தெருவுலதான் இருக்குது. புஸ்தகத்த யாருகிட்ட குடுத்தனுப்பறது? பதினோராம் நாளு எடுத்துக்கினு போனன். லேட்டுன்னு காசு கேட்டாங்க. ஆயாகிட்ட வாங்கியாந்து குடுத்தன். ஊட்டுக்கு வர்ற வழியெல்லாம் யோசன பண்ணன். நான் லேட்டு பண்ணல. தெருதான் தொறக்க லேட்டாச்சி."

இவ்வளவுதான். அவளை அந்தத் தெருவில் யாரும் கை நீட்டித் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய தேவையே இல்லாதபடி ஆயா தடுத்துவிட்டாள். ஆயாவை அவளுடைய ஆயா தடுத்திருப்பாள். சாதி தன் காவலை நம் வீட்டுக் கிழவிகளிடமே ஒப்படைத்துவிட்டுத் தேர் இழுக்கிறது.

இதைப் படித்ததும் அங்கே என்ன நடந்தது? எங்களில் ஒருவர், நல்ல மனிதர்தான், "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்று ஆரம்பித்து மூன்று யோசனை சொன்னார். கொஞ்சம் வருணனை சேர்க்கலாம். கோபத்தை அடியோட்டமாக வைக்கலாம். முடிவில் ஒரு நம்பிக்கை இருந்தால் நல்லது. அடுத்து தாள் என் கைக்கு வந்தது. நான் பேனாவை எடுத்து 'ஊட்டுக்கு' என்பதை 'வீட்டுக்கு' என்று திருத்தினேன். 'தொறக்க' என்பதைத் 'திறக்க' ஆக்கினேன். 'எடுத்துக்கினு' என்பதை அடித்தேன். நூலகர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். வாசகர் வட்டத் தலைவரும் இருந்தார். அந்தத் தெரு ஏன் பத்து நாள் மூடியது, அந்த அபராதத்தைத் திருப்பித் தரலாமா என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. ஒரு குற்றத்தை அவள் புகாராக எழுதிக் கொடுத்தாள். நாங்கள் அதைக் கட்டுரை நோட்டுப் போலத் திருத்தினோம்.

இந்தக் கட்டுரை அந்த மதியத்திலிருந்துதான் வருகிறது. நூலகங்களில் இப்போது கூட்டங்கள் பெருகியிருக்கின்றன. சொற்பொழிவு, நூல் அறிமுகம், கதை சொல்லல், கவிதைப் பட்டறை என்று நடக்கின்றன. நடப்பது நல்லதுதான். நம் தோழர்களும் இவற்றில் பேசப் போகிறார்கள், நடத்தவும் செய்கிறார்கள். ஆகவே கேட்க வேண்டியிருக்கிறது: பேசியவர் பஸ் ஏறிய பிறகு அந்த நூலகத்தில் என்ன மிச்சமிருக்கிறது? நாற்காலியை அடுக்கிய பிறகு அலமாரியில் என்ன கூடியிருக்கிறது?

நூலகம் யாருடையது என்பதை முதலில் பேசுவோம். சென்னைப் பொது நூலகச் சட்டம் 1948-ல் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்காக உழைத்த எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றி எல்லா நூலக விழாவிலும் பேசுகிறார்கள். அந்தச் சட்டத்தின் வழியாக வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வசூலிக்கப்படுகிறது என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு. இன்று வரியில் ரூபாய்க்குப் பத்து பைசா. தேரடித் தெருவின் மாடி வீடும் கட்டுகிறது, காலனியின் தொகுப்பு வீடும் கட்டுகிறது. ஆக நூலகம் நமக்கு யாரும் போட்ட பிச்சை அல்ல. நம் காசும் அந்தச் சுவரில் இருக்கிறது. ஆனால் கட்டடம் எந்தத் தெருவில் நிற்கிறது, வாசகர் வட்டத்தில் யார் யார் உறுப்பினர், சிறப்புரைக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை ஊர் தீர்மானிக்கிறது. 2006-ல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். பல ஊர்களில் அவை வருசக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. பூட்டிக் கிடந்த நூலகத்துக்காக எந்த ஊரிலாவது சாலை மறியல் நடந்ததா? நாமும் மறிக்கவில்லை. அது நம் சொத்து என்கிற நினைப்பே நமக்கு வரவில்லை.

வேறு ஒரு மக்கள் ஒரு நூலகத்தைத் தம்முடையதாக எப்படி ஆக்கினார்கள் என்று பார்க்கலாம். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் ஹார்லெம். அங்கே 135-ஆம் தெருவில் ஒரு கிளை நூலகம் 1905-ல் திறக்கப்பட்டது. திறந்தபோது அக்கம்பக்கத்தில் பெரும்பாலும் வெள்ளையர்கள். பதினைந்து வருசத்தில் தெற்கு மாநிலங்களிலிருந்தும் கரீபியத் தீவுகளிலிருந்தும் வந்த கறுப்பின மக்களால் அந்தப் பகுதி நிறைந்தது. கட்டடம் அதேதான். உள்ளே இருந்த புத்தகங்களும் வேலை பார்த்தவர்களும் மாற வேண்டியிருந்தது.

1920-ல் எர்னஸ்டின் ரோஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி அந்தக் கிளைக்குத் தலைமை நூலகராக வந்தார். அவர் முதலில் செய்தது கூட்டம் போட்டது அல்ல, ஆள் எடுத்தது. அந்த வருசமே காதரின் லாட்டிமர் என்ற கறுப்பினப் பெண் வேலைக்கு வந்தார். நியூயார்க் பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகர் அவர். பின்னால் நாவலாசிரியராகப் பேர் பெற்ற நெல்லா லார்சன் அங்கே வேலை பார்த்தார். புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பூரா பெல்ப்ரே 1921-ல் சேர்ந்தார். இலக்கியக் கூட்டமும் ஓவியக் கண்காட்சியும் விவாதமும் இதற்குப் பிறகுதான். அதாவது, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் நம் ஆளாக இருந்தால்தான் மேசைக்கு முன்னால் நாம் நிமிர்ந்து நிற்போம் என்பது அங்கே தெரிந்திருந்தது.

பெல்ப்ரே செய்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். தன் பாட்டி சொன்ன கதை எதுவும் அலமாரியில் இல்லை என்று கண்டார். அச்சான புத்தகத்திலிருந்துதான் கதை சொல்ல வேண்டும் என்பது அந்த நூலகத்தின் விதி. அச்சாகாத பாட்டி கதையைச் சொல்ல அவர் தனி அனுமதி பெற்றார். குழந்தைகளுக்குச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் அந்தக் கரப்பான்பூச்சி, எலிக் கதையை 1932-ல் புத்தகமாகவே போட்டார். வாயிலிருந்து அறைக்கு, அறையிலிருந்து அச்சுக்கு, அச்சிலிருந்து அதே அலமாரிக்கு. ஒரு பட்டறை செய்ய வேண்டிய முழு வேலை இதுதான் என்று நினைக்கிறேன். நாம் இரண்டாவது படியிலேயே நன்றியுரை சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறோம்.

அங்கே இன்னொரு சிக்கலும் வந்தது. கறுப்பர்களைப் பற்றிய புத்தகங்களை மக்கள் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்ததால் அவை நைந்துபோயின. மறுபடி வாங்கக் கிடைக்காதவை பல. 1924 கடைசியில் தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் கூட்டம் போட்டார்கள். ஆர்தர் ஷோம்பர்க், ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன், தெருமுனைப் பேச்சாளரான ஹியூபர்ட் ஹாரிசன் ஆகியோர் குழுவில் இருந்தார்கள். அரிய நூல்களைத் தனியே பாதுகாப்பது என்று முடிவாகி, 1925-ல் கறுப்பர் இலக்கியம், வரலாறு, படங்களுக்கான பிரிவு திறக்கப்பட்டது. ஷோம்பர்க் பேராசிரியர் அல்ல, ஒரு வங்கியில் தபால் பிரிவில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் ஒரு ஆசிரியர் 'உங்கள் இனத்துக்கு வரலாறே கிடையாது' என்று சொன்னதாக அவரைப் பற்றிய குறிப்புகள் கூறுகின்றன. அவர் அந்த ஆசிரியருக்குப் பதில் சொல்ல ஆயுள் முழுக்கப் புத்தகம் சேர்த்தார். ஆயிரக்கணக்கான நூல்களும் கையெழுத்துப் படிகளும் கொண்ட அந்தச் சேகரம் 1926-ல் கார்னகி நிறுவனம் தந்த பத்தாயிரம் டாலரில் வாங்கப்பட்டு அந்தக் கிளைக்கே வந்து சேர்ந்தது. 1932 முதல் 1938-ல் இறக்கும்வரை ஷோம்பர்க்கே அதன் காப்பாளராக இருந்தார்.

நமக்கும் இப்படிப்பட்டவர்கள் உண்டு. அயோத்திதாசர் 1907 முதல் 1914 வரை நடத்திய 'தமிழன்' இதழ் எந்தப் பொது நூலகத்தின் தயவாலும் பிழைக்கவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் இதழ்களைக் கட்டிக் காத்ததால்தான் 1999-ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவர முடிந்தது. எண்பத்தைந்து வருசம்! ஒருவர் வீட்டு அலமாரியில் கரையான் ஏறியிருந்தால் நமக்கு அந்த வரலாறும் இல்லை. அந்த எண்பத்தைந்து வருசமும் நூலகங்களில் தமிழ் வளர்ச்சி பற்றிச் சொற்பொழிவுகள் நடந்துகொண்டுதான் இருந்தன.

ஹார்லெம் நூலகத்தின் அடித்தளத்தில் நாடகமும் நடந்தது. டுபாய்ஸ் முன்னின்று தொடங்கிய கிரிக்வா நாடகக் குழு 1926-ல் அங்கே அரங்கேறியது. நாடகம் தம் மக்களைப் பற்றியதாக, தம் மக்கள் எழுதியதாக, தம் மக்கள் பார்ப்பதற்காக, அவர்கள் குடியிருக்கும் தெருவுக்குப் பக்கத்தில் நடப்பதாக இருக்க வேண்டும் என்று அவர் நான்கு நிபந்தனை வைத்தார். இந்த நான்காவது நிபந்தனையைப் பாருங்கள். 'பக்கத்தில்.' நாம் அழகியல் பற்றி ஆயிரம் பக்கம் எழுதியிருக்கிறோம், தூரத்தைப் பற்றி எழுதியதில்லை. காப்புக் கட்டிய தெருவில் இருக்கிற நூலகம் அரை மைல் தூரத்தில் இருந்தாலும் அந்தப் பெண்ணுக்குப் பத்து நாள் தூரம். 1946-ல் அம்பேத்கர் அதே டுபாய்சுக்குக் கடிதம் எழுதி, கறுப்பர்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். மனுவைக் கேட்ட நாம் அந்த நூலகத்தையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

ஹார்லெமைச் சொர்க்கமாகக் காட்டுவது என் வேலை இல்லை. அங்கேயும் தலைமை வெகுகாலம் வெள்ளையரிடம் இருந்தது. கூட்டங்களை ஓடியாடி நடத்திய ரெஜினா ஆண்டர்சன் என்ற கறுப்பின நூலகருக்குப் பதவி உயர்வு கிடைக்க டுபாய்ஸ் தலையிட்டுச் சண்டை போட வேண்டியிருந்தது. உழைக்க நம் ஆள், கையெழுத்துப் போட அவர் ஆள் என்பது எல்லாத் தேசத்திலும் உண்டு. 1940-ல் அதே அடித்தளத்தில் அமெரிக்க நீக்ரோ நாடக அரங்கம் தொடங்கியது. 1944-ல் அதன் 'அன்னா லுகாஸ்டா' நாடகம் பெரு வெற்றி பெற்றுப் பிராட்வேக்குப் போனது. போன நாடகத்தால் தெருவில் இருந்த அரங்கம் செழிக்கவில்லை, சில வருசங்களில் நலிந்தது. சிட்னி பாய்ட்டியர் முதல்முறை அந்தக் குழுவுக்கு நடிக்கப் போனபோது, வாசிப்பு திக்குகிறது, பஹாமா தீவின் உச்சரிப்பு அடிக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அனுப்பியவர்கள் கறுப்பர்கள். அவர் உச்சரிப்பை மாற்றிக்கொண்டு வந்து, அங்கே துப்புரவு வேலை செய்து நடிப்புக் கற்றார். உலகம் அறிந்த நடிகரானார், உண்மைதான். ஆனால் உச்சரிப்பை மாற்ற முடியாமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்? இதைப் படித்தபோது என் சிவப்புப் பேனாதான் ஞாபகம் வந்தது. நம் ஆள் கையில் இருந்தாலும் அது சிவப்புப் பேனாதான்.

மொழித் திருத்தம் என்பதைச் சின்ன விசயமாக நினைக்காதீர்கள். 'ஊட்டுக்கு' என்று எழுதியவள் ஊட்டில்தான் இருக்கிறாள். அதை நான் 'வீட்டுக்கு' ஆக்கும்போது அவளைக் கை கால் கழுவிவிட்டு உள்ளே வா என்கிறேன். இது தீட்டுக் கழிக்கிற வேலை. 1992-ல் பாமாவின் 'கருக்கு' வந்தபோதும் இது கொச்சை, இது இலக்கியமா என்றவர்கள் இருந்தார்கள். அந்த நூல் ஒரு பட்டறையில் உருவாகியிருந்தால் முதல் பக்கம் தாண்டியிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். இன்று அது பல்கலைக்கழகங்களில் பாடம். பாடமானதாலேயே நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2021-ல் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி இருவரின் எழுத்தையும் நீக்கியது. மேலிருந்து வைத்ததை மேலிருந்தே எடுத்துவிட முடியும். ஊரூராக அலமாரிகளில் இருப்பதை அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது.

ஒரு மறுப்பு வரும். 'பட்டறை என்றால் பயிற்சி. எழுதத் தெரிய வேண்டாமா, எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவதா?' கற்றுக்கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை. எந்த இடத்தில் நிறுத்துவது, எதைச் சொல்லாமல் விடுவது, யார் வாயால் சொல்வது, இதெல்லாம் கற்றுக்கொடுக்க வேண்டியவைதான். ஆனால் அந்தப் பெண்ணின் தாளில் குறை எங்கே இருந்தது? 'தெருதான் தொறக்க லேட்டாச்சி' என்று எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தியிருந்தாள். நாங்கள் நான்கு பேரும் அன்று அவளிடம் கற்றிருக்க வேண்டும். இன்னொரு மறுப்பு நம் தோழர்களிடமிருந்தே வரும்: 'அந்தத் தாளை அங்கேயே சத்தமாகப் படித்து ஊரை அம்பலப்படுத்தியிருக்க வேண்டும்.' இதிலும் எனக்குச் சம்மதமில்லை. நாங்கள் அம்பலப்படுத்திவிட்டு சாயங்காலம் பஸ் ஏறிவிடுவோம். மறுநாள் காலையில் அதே தெருவில் பள்ளிக்கூடம் போக வேண்டியவள் அவள். சாட்சியம் சொல்ல வைப்பதற்கு முன்னால் சாட்சிக்கு யார் பாதுகாப்பு என்று கேட்காதவன் சாட்சியத்தைத் தின்கிறவன்.

ஆகவே, கூட்டம் நடத்துகிற, நடத்தப் போகிற தோழர்களுக்குச் சில விசயங்கள். பட்டறையில் ஒரு நாளையாவது காலனியில் நடத்துங்கள். தேரடித் தெருப் பிள்ளைகள் நடந்து வரட்டும், அவர்களுக்கு எந்தக் காப்பும் இல்லை. ஒருமுறை போய்ப் பேசிவிட்டு வருவதைவிட ஒரே நூலகத்துக்கு நான்குமுறை போங்கள். வாசகர் வட்டத்தில் காலனிப் பெண்கள் இரண்டு பேராவது உறுப்பினராகும்வரை பொன்னாடை வாங்காதீர்கள். எழுதியவரைக் கேட்காமல் ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள். எழுதியதை அவர் சம்மதத்தோடு, அவர் விரும்பினால் பேரில்லாமல், கட்டித் தைத்து நூலகச் சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு அலமாரியில் வையுங்கள். நூலக ஆணைக்காகச் சிறு வெளியீட்டாளர்கள் காத்துக் கிடப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கையெழுத்துப் படியை வைக்க எந்த ஆணைக்குக் காத்திருக்க வேண்டும்?

பட்டறை முடிந்தபோது எல்லாத் தாளையும் நான்தான் வாங்கிக்கொண்டேன். 'தொகுப்பாகப் போடுவோம்' என்று சொல்லித்தான் வாங்கினேன். போடவில்லை. இரண்டு வருசத்துக்கு மேல் என் பையில், பிறகு பரணில் கிடந்தது. பத்து நாள் தாமதத்துக்கு அவளிடம் காசு வாங்கிய கணக்குப்படி பார்த்தால் நான் எவ்வளவு கட்ட வேண்டும்?

போன மாதம் காலனிக்குப் போனேன். அவள் இப்போது பிளஸ் டூ. ஆயா திண்ணையில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். தாளைக் கொடுத்தேன். "இன்னுமா சார் வச்சினு இருந்தீங்க?" என்றாள். முழுக்கப் படித்தாள். என் சிவப்பு மையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பேனா கேட்டு வாங்கி, 'வீட்டுக்கு' என்பதை அடித்து மேலே 'ஊட்டுக்கு' என்று எழுதினாள். மற்றதையும் அப்படியே பழையபடி ஆக்கினாள். லைப்ரரியில் வைக்கலாமா என்று கேட்டேன். "வைங்க சார். பேரு போடாதீங்க. தெரு பேரு போடுங்க" என்றாள்.

நூலகரிடம் போய்க் கேட்டோம். கையெழுத்துத் தாளைப் பதிவேட்டில் ஏற்ற வழி இல்லை, மேலே கேட்க வேண்டும் என்றார். எழுத்தாக மனு கொடுத்திருக்கிறோம். பழைய அபராதத்தைத் திருப்பித் தரச் சொல்லியும், காப்புக் கட்டும் பத்து நாளைத் தவணைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும், அந்தப் பத்து நாளும் தெரு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்றும் அதே மனுவில் எழுதியிருக்கிறோம். முதலில் கையெழுத்துப் போட்டது ஆயா. அடுத்த வாசகர் வட்டக் கூட்டத்தில் இதை எடுக்கச் சொல்லிக் கேட்கப் போகிறோம். அன்றைக்கும் யாரோ ஒருவர் சிறப்புரை ஆற்றுவார். அதற்கு முன்னால் இதை முடிக்க வேண்டும்.